பார்வை போன அப்பாவுக்கு எதைத் திரும்பக் கொடுப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமாவால் ஓராண்டுக்கு முன் இரு கண்களிலும் பார்வை போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குளிக்க வைப்பது, ஊட்டிவிடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம். அவர் நாள் முழுவதும் நாற்காலியில்தான் இருக்கிறார். சில நாள்களாக, முன்பின் தெரியாத ஆட்கள் அறையில் நிற்பதாகச் சொல்கிறார். மறதி நோயோ என்று பயமாக இருக்கிறது. இந்த வயதில் பிரெயில் கற்க முடியுமா? நாங்கள் எங்கே தொடங்குவது?

பதில்: அப்பா காணும் ஆட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயம் இருக்கும்வரை வேறு எதிலும் உங்கள் மனம் செல்லாது. கண்ணிலிருந்து செய்தி வருவது நின்ற பிறகும் மூளையின் பார்வைப் பகுதி ஓய்ந்துவிடுவதில்லை. அது தானாகவே உருவங்களை உண்டாக்கிக் காட்டுவதுண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியலாளர் சார்லஸ் போனே, பார்வை மங்கிய தம் தாத்தா தெளிந்த அறிவோடு இருந்துகொண்டே மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டதை 1760இல் எழுதிவைத்தார். இந்த நிலைக்கு இன்று அவருடைய பெயரே வழங்குகிறது. இந்த உருவங்கள் பேசுவதில்லை. அவை உண்மையல்ல என்பதும் பெரும்பாலும் காண்பவருக்கே தெரியும். அப்பாவிடம் தயங்காமல் விசாரியுங்கள். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் இதை மாதக்கணக்கில் மறைத்துவைக்கிறார்கள். உருவங்கள் பேசினாலோ, அவை உண்மை என்று அவர் நம்பினாலோ, நாள், இடம், ஆட்கள் குழம்பினாலோ காரணம் வேறாக இருக்கலாம். எப்படியானாலும் மருத்துவரிடம் ஒருமுறை சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். கண் சொட்டு மருந்தையும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்; எஞ்சியிருக்கும் வெளிச்ச உணர்வு சிறிய உடைமை அல்ல. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அறையில் தாம் எந்தத் திசை நோக்கி நிற்கிறோம் என்பதை அவரால் கணித்துக்கொள்ள முடியும்.

இனி, நீங்கள் கேட்க நினைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவை நாற்காலியோடு இருத்தியிருப்பதில் பார்வையிழப்புக்கு மட்டுமின்றி உங்கள் அன்புக்கும் பங்கு உண்டு. தாமே செய்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும்போது, தம்மால் இனி எதுவும் ஆகாது என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடுவார்கள். ஆகவே அந்த வேலைகளை அவரிடம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். ஊட்டுவதை முதலில் நிறுத்துங்கள். தட்டைக் கடிகார முகமாகக் கொண்டு எது மூன்று மணிப் பக்கம், எது ஒன்பது மணிப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும்; கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டின் மேல் டம்ளரை வைத்து, இடக்கை ஆள்காட்டி விரலை நுனி சற்று உள்ளே இருக்கும்படி விளிம்பில் மடக்கி, குடத்தின் வாயை விளிம்பில் தொடவைத்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். நிறைய நிறைய ஓசை மெலிந்து உயர்வதைக் காது கேட்கும். விரல் நனைந்ததும் நிறுத்திவிடலாம். குளிர்ந்த நீரில் இது நன்றாகக் கைவந்த பிறகு, சூடான நீருக்கு விரலை வைக்காமல் ஓசையையும் எடையையும் கொண்டு ஊற்றப் பழக்கலாம். அளவு எட்டியதும் ஒலியெழுப்பும் சிறு கருவியும் கிடைக்கிறது. கற்றுத் தரும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையின் மேல் அவர் கையை வைத்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் செய்வதை அவர் உணரட்டும். மாத்திரைப் புட்டிகளுக்குக் காலை மருந்து என்றால் ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்து என்றால் இரண்டு என்று மாட்டிவிட்டால் அதையும் அவரே எடுத்துக்கொள்வார்.

வீட்டில் பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். கதவுகள் முழுதாகத் திறந்திருக்கட்டும், அல்லது முழுதாக மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு முகத்தைப் பதம்பார்த்துவிடும். அறைக்குள் வரும்போது மட்டுமல்ல, வெளியேறும்போதும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஆளில்லாத அறையில் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரியவருவது மிகவும் மனத்தைச் சுடும். நடக்கும்போது அவரை முன்னால் தள்ளவோ மணிக்கட்டைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். நீங்கள் திரும்புவதும் படி இறங்குவதும் அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

வெளியில் தனியாக நடக்க வெள்ளைக்கோல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக அமெரிக்காவில் ரிச்சர்டு ஹூவர் வகுத்த முறையே இன்றும் அடிப்படை: வலக்கால் முன்னே செல்லும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொடும், இடக்கால் செல்லும்போது வலப்பக்கம், அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. இதை வீட்டார் கற்பிக்க முயலாமல், நடமாட்டப் பயிற்சியாளரிடமே அனுப்புங்கள். ஆனால் இடுப்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பவை கோலில் படாது என்பதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

பிரெயில் இந்த வயதிலும் முடியும். ஆனால் முதல் வேலையாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீரிழிவால் விரல் நுனி மரத்திருந்தால் ஆறு புள்ளிகளைப் பிரித்தறிவதே சிரமம். செல்பேசியில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது; விரல் தொடுவதை வாய்விட்டுப் படிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். முதல் வாரம் அழைப்பை ஏற்பதும் தாமே ஒருவரை அழைப்பதும் போதும். இதோடு செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். இனி எல்லாம் காதை நம்பித்தான் என்பதால் சிறு குறைபாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாகாது.

அவர் துக்கத்தில் இருக்கிறார், அது இயல்பு. ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் சென்றால், அல்லது வாழ்வதில் பொருளில்லை என்று எப்போதாவது சொன்னால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மருத்துவம் உண்டு.

கடைசியாக, அவர் கணித ஆசிரியர் என்பதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கணக்கை மாணவர் உரக்கப் படிக்க, வழிமுறையை அவர் வாயால் சொல்ல, மாணவர் எழுதி மீண்டும் படித்துக் காட்ட வகுப்பு நடக்கும். உறவிலோ பக்கத்து வீட்டிலோ எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் வாரம் இருமுறை வரட்டும். அவருக்கு இரக்கப்பட்டு அனுப்பப்படும் பிள்ளையாக இல்லாமல், உண்மையிலேயே கணக்கில் உதவி தேவைப்படும் பிள்ளையாகப் பாருங்கள்.