எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சைக்கிள் ஓட்டுவதை ஏன் சில வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் பரவலாகச் செய்யப்படுவது, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போலத் தைத்துவிடுவது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுத்தான் செய்வார்கள். வெளியே பார்த்தால் நாலைந்து தழும்புதான், அதனால்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

உள்ளே தையல் ஆற வேண்டும், வயிற்றுச் சதையும் ஆற வேண்டும். பங்க்சர் ஒட்டிய ட்யூபில் பசை காய்வதற்குள் காற்றடித்தால் என்ன ஆகும்? அதே கதைதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எழுந்து நின்று பெடலை மிதித்தால், ஹேண்டில்பாரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கி ஹெர்னியா வரலாம்.

அப்புறம் சாப்பாடு. முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவுதான். மிதிக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? தண்ணீரையும் மடக்மடக்கென்று குடிக்க முடியாது, நாள் முழுக்க மிடறு மிடறாகத்தான். வேலூரின் மே மாத வெயிலில், காட்பாடியில் ஏறி பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் தலை சுற்றிவிடும். என்னைக் கேட்டால், தையலைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில் சமதரையில் மெதுவாக ஓட்ட அனுமதிப்பார்கள். மலையேற்றம் அதற்கும் பிறகு, மருத்துவர் சரி என்றால்தான்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காலில் ரத்தம் உறையாமலிருக்க அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க வைத்துவிடுவார்கள்.