தலாமஸுக்கும் உணர்ச்சி, நினைவுப் பகுதிகளுக்கும் என்ன தொடர்பு?

கண், காது, தோலிலிருந்து வரும் தகவலை வாங்கிப் பெருமூளைப் புறணிக்கு அனுப்பும் நிலையம் என்று மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸைப் பள்ளிப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். தப்பில்லை, ஆனால் போதாது. நினைவுக்கான சுற்றில் தலாமஸே ஒரு கண்ணி. அது அறுந்தால், புதிய நினைவுகளைப் பதியும் பகுதியான ஹிப்போகேம்பஸ் நன்றாக இருந்தும் ஆள் புதிதாக எதையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம்.

அந்தச் சுற்று இப்படிப் போகும்: ஹிப்போகேம்பஸிலிருந்து பார்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை வழியாக மூளையின் அடியில் இருக்கும் மாமில்லரி முகிழ்கள், அங்கிருந்து தலாமஸின் முன்பக்க உட்கருக்கள் (உட்கரு என்றால் நரம்பு செல்களின் திரள்), பிறகு பெருமூளையின் உட்பக்கத்தில் உள்ள சிங்குலேட் புறணி, மறுபடி ஹிப்போகேம்பஸ். 1937இல் ஜேம்ஸ் பேப்பஸ் என்ற நரம்பியலாளர் இதை உணர்ச்சிக்கான சுற்று என்றுதான் முன்வைத்தார். கடைசியில் அது நினைவுக்குத்தான் அதிகம் வேலை செய்கிறது என்று தெரிந்தது வேறு கதை.

உணர்ச்சிக்கு முக்கியமான கண்ணி, தலாமஸின் நடு-மேல் உட்கரு. பயம் போன்ற உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலா அதற்குச் செய்தி அனுப்புகிறது. அந்த உட்கருவோ முன்நெற்றிப் புறணியோடு இருவழியாகப் பேசுகிறது. தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு நேர்க் குறுக்குவழியும் உண்டு. எலிகளில் செவிப் புறணியை எடுத்துவிட்டாலும் ஒரு சத்தத்துக்குப் பயப்பட அவை கற்றுக்கொள்வதை 1980களில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ குழுவினர் காட்டினார்கள். கோத்தகிரி ரோட்டில் மூடுபனி நேரத்தில் தேயிலைச் செடிக்குள் சரசரத்தால், காட்டெருமையா நாயா என்று தெரியும் முன்பே கால் பின்வாங்குகிறதே, அதற்கு இந்த வழியும் ஒரு காரணமாக இருக்கலாம். மனிதரில் அதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

வாசனை மட்டும் விதிவிலக்கு. தைலம் காய்ச்சும் கொட்டகையைத் தாண்டும்போது அந்த நெடி தலாமஸைக் கேட்காமலே அமிக்டலா பக்கம் போய்விடும்.

நான் இதையெல்லாம் தேடிப் படித்ததே எங்கள் பெரியப்பாவால்தான். டீ பேக்டரியில் டிரையர் பார்த்தவர். குடி அதிகம், சாப்பாடு குறைவு. ஒரு கட்டத்துக்கு மேல், பழைய நாள்களில் எந்த ஷிப்டில் யார் இருந்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்வார், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு "இன்னும் சோறு போடலையா?" என்பார். வீட்டை விட்டே இறங்காதவர், "காலையில மேட்டுப்பாளையம் போய்ட்டு வந்தேன்" என்று நிஜம் மாதிரியே சொல்வார். அது பொய் இல்லை. விட்டுப்போன இடத்தை மூளையே இட்டு நிரப்புகிறது. கோர்சகாஃப் நோய் என்றார் டாக்டர். தயமின், அதாவது வைட்டமின் பி1 குறைந்து, மாமில்லரி முகிழ்களும் தலாமஸும் கெட்டுப்போகும் நோய்.

குடிப்பவர் யாருக்காவது நடை தள்ளாடி, கண் அசைவு கோணி, பேச்சு குழம்பினால், போதைதான் என்று படுக்க வைக்காதீர்கள்; அது இந்த பி1 குறைவாகவும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன்பாகவோ கூடவேயோ பி1 ஊசி போடுவார்கள்.