டிகிரி இல்லாதவங்களுக்கு ஸ்டடி ட்ரிப் கிராண்ட் கிடைக்குமா?

கேள்வி: ஒன்பது வருஷமா மாற்றுத்திறனாளிகளுக்கு சப்போர்ட் வொர்க்கரா இருக்கேன். எழுப்பறது, குளிக்க வைக்கறது, சாப்பாடு ஊட்டறது, வெளிய கூட்டிட்டுப் போறதுன்னு எல்லாமே பாப்பேன். இதே வேலைய வேற நாட்டுல எப்படி செய்றாங்கன்னு போய் பாத்துட்டு வர கிராண்ட் தர்றாங்களாமே, அதெல்லாம் டாக்டர், தெரபிஸ்ட்னு பெரிய படிப்பு படிச்சவங்களுக்குத்தானே? என்கிட்ட டிப்ளமா கூட இல்ல.

பதில்: அப்படி நினைச்சுத்தான் பாதி பேர் ஃபார்மையே திறக்க மாட்டேங்கறாங்க. சர்ச்சில் ஃபெலோஷிப்ப எடுத்துக்கோங்க, 1965ல சர்ச்சில் இறந்தப்புறம் அவர் நினைவா பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு மூணு நாட்டுலயும் ஆரம்பிச்சது. அந்தந்த நாட்டுக்காரங்கதான் அப்ளை பண்ண முடியும், ஆனா ஆஸ்திரேலியாவுல டிகிரி வேணும்னு எல்லாம் கேக்கறதே இல்ல, 4 வாரத்துல இருந்து 8 வாரம் வரைக்கும் வெளிநாட்டுல போய் பாத்துட்டு வந்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கணும், அவ்ளோதான். ஐரோப்பாவுல எராஸ்மஸ் பிளஸ்னு ஐரோப்பிய யூனியன் காசு தர்ற ஒரு கல்வித் திட்டம் இருக்கு. அதுல பெரியவங்க கல்வி பிரிவுல ஜாப் ஷேடோயிங், அதாவது அங்க வேலை செய்யற ஒருத்தர் கூடவே இருந்து பாக்கறது, 2 நாள்ல இருந்து 60 நாள் வரைக்கும் போகலாம். ஆனா அது தனி ஆளா போட முடியாது, நீங்க வேலை செய்யற நிறுவனம்தான் அப்ளை பண்ணணும், அந்த நிறுவனம் பெரியவங்களுக்கு ஏதாவது கத்துக்கொடுக்கற வேலையும் செய்யறதா இருக்கணும். அதனால முதல்ல உங்க மேனேஜர்கிட்ட பேசுங்க.

கேள்வி: போன தடவ அப்ளை பண்ணி ரிஜெக்ட் ஆயிடுச்சு. 'வளர்ந்த நாடுகளின் நவீன வசதிகளை நேரில் பார்வையிட்டு அறிவை விரிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்'னு அழகாத்தான் எழுதினேன். என்ன தப்பு?

பதில்: அந்த அழகுதாங்க தப்பு. இந்த வரிய நர்ஸ் எழுதலாம், பாலம் கட்டற இன்ஜினியர் எழுதலாம், யாரு வேணா எழுதலாம். உங்கள மாதிரி ஆளு மட்டும்தான் கேக்க முடியற கேள்வி ஒண்ணு அதுல இருக்கணும்.

நான் ஒரு தடவ ஒரு சப்போர்ட் வொர்க்கர் சாப்பாடு ஊட்டறத பக்கத்துல உக்காந்து பாத்தேன். அவங்க நின்னுகிட்டு ஊட்டல, ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு அவர் கண்ணுக்கு நேரா உக்காந்தாங்க, ஸ்பூன கீழ இருந்து கொண்டு வந்தாங்க, ஏன்னா மேல இருந்து வந்தா தல அண்ணாந்துடும், புரையேறிடும். தொண்ட ஒரு தடவ ஏறி இறங்கறத பாத்துட்டுத்தான் அடுத்த வாய். அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஷிஃப்ட்ல ஆளு கம்மியா இருக்கற நாள்ல அந்த அரை மணி நேரத்துக்கு எங்க போறது? 'பேச முடியாத ஒருத்தருக்கு அவசரப்படாம சாப்பாடு கொடுக்க மத்தவங்க ஷிஃப்ட்ட எப்படிப் போடறாங்க'ன்னு எழுதுங்க, படிக்கறவங்க நிமிந்து உக்காருவாங்க.

கேள்வி சின்னதா இருந்தா எங்க போகணும்ங்கறதும் தானா வந்துடும். உதவிக்கு வர்றவங்கள மாற்றுத்திறனாளியே வேலைக்கு எடுத்து அவரே முதலாளியா இருந்தா உறவு எப்படி மாறுதுன்னு பாக்கணுமா, ஸ்டாக்ஹோம் போங்க. அங்க 1984ல ஸ்டில்னு ஒரு கூட்டுறவ மாற்றுத்திறனாளிகளே ஆரம்பிச்சாங்க, 1994ல இருந்து தனி உதவியாளருக்கான உரிமை ஸ்வீடன்ல சட்டமாவே இருக்கு. இந்த இண்டிபென்டன்ட் லிவிங், அதாவது மாற்றுத்திறனாளி தன் வாழ்க்கைய தானே முடிவு பண்ணி வாழறதுங்கற எண்ணத்துக்கு வேர் பாக்கணும்னா அமெரிக்காவுல பெர்க்லி, தானே மாற்றுத்திறனாளியான எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் அதுக்காக அங்க ஒரு சென்டர் ஆரம்பிச்சது 1972ல. மனநலம் பாதிச்சவங்கள சாதாரணக் குடும்பங்களே வீட்டுல வச்சு பாத்துக்கற வழக்கம் பெல்ஜியத்துல கீல்ங்கற ஊருல பல நூற்றாண்டா இருக்கு. மூணையும் ஒரே ட்ரிப்ல போட்டுடாதீங்க, அது டூர் ப்ரோக்ராம் ஆயிடும். ஒரு இடத்துல பத்து நாள் இருங்க, காலை ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் பாருங்க, ராத்திரிலதான் உண்மை தெரியும். போறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட இருந்து 'வாங்க'ன்னு ஒரு லெட்டர் வாங்கி ஃபார்ம்ல இணைங்க, பல பேர் கோட்ட விடறது இங்கதான்.

கேள்வி: ஆறு வாரம் நான் இல்லன்னா என் கிளையண்ட் தவிச்சுப் போயிடுவாரே. கூட்டிட்டுப் போனா?

பதில்: அவரையே கேட்டீங்களா? அவர் வர்றது உங்களுக்காகவா, இல்ல அவருக்கே ஆசையான்னு முதல்ல அவரோட பேசுங்க. அவர் வர்றதா இருந்தா அவர் டிக்கெட்டு, வீல்சேர் ரிப்பேரு, ராத்திரி உதவிக்கு இன்னொரு ஆளு, எல்லாத்தையும் பட்ஜெட்ல தனித்தனியா எழுதுங்க, கூச்சப்பட்டு மறைக்காதீங்க, நடுவுல காசு பத்தாம போனா கஷ்டப்படப் போறது அவர். வரலன்னா, பதிலுக்கு வர்ற ஆளு ரெண்டு வாரம் முன்னாடியே உங்க கூட ஷிஃப்ட்ல நிக்கட்டும், அவர் தலைய எந்தப் பக்கம் திருப்பினா தண்ணி கேக்கறாருன்னு எல்லாம் பேப்பர்ல எழுதித் தரவே முடியாது. இன்னொண்ணு, அங்க பாக்கற ஆளுங்கள அவங்க சம்மதம் இல்லாம போட்டோ எடுக்காதீங்க. ரிப்போர்ட்டு இணையத்துல எல்லாரும் பாக்கற மாதிரி போகலாம், அத சொல்லித்தான் சம்மதம் கேக்கணும்.