நாக்கை விடுங்கள், குதிகாலைப் பாருங்கள்

கேள்வி: என் வாப்பாவுக்கு 62 வயது. துபாயில் ஒரு கிட்டங்கியில் மேற்பார்வையாளர். ஒவ்வொரு விடுப்பு முடிந்ததும் இங்கே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் அட்டைகளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் சபர் போவார். அங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் தரமாட்டார்களாம். சளி, காய்ச்சல், பல்வலி எல்லாவற்றுக்கும் அதுதான். இந்த முறை ஊருக்கு வந்ததும் வயிற்றுப்போக்கு. ஐந்து நாளாக சிப்ரோஃப்ளாக்சசின் 500 சாப்பிடுகிறார். கூடவே, இளைப்புக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோனும். நாக்கு வெள்ளையாக இருக்கிறது, வாய் கசக்கிறது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, அசதி, வலது குதிகாலுக்கு மேலே பின்பக்கம் லேசான வலி. சர்க்கரைக்கு கிளிமிப்ரைடு சாப்பிடுகிறார். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டால் இனி எதுவுமே கேட்காது, சிறுநீரகமும் போய்விடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த வாரம் திரும்பிப் போகிறார். உடம்பைச் சுத்தம் செய்ய மருந்து உண்டா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அந்த அட்டையில் சிப்ரோஃப்ளாக்சசின் மீதியிருந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். நாக்கு, கசப்பு, மஞ்சள் எல்லாம் எழுதிவிட்டுப் போகிற போக்கில் 'லேசான வலி' என்று சேர்த்திருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் திரும்பவும் படித்த இடம் அது ஒன்றுதான்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். தசைநாண்களைப் பதம்பார்க்கும் குணம் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாண்தான் பெரும்பாலும் அடிபடும். முதலில் வலி, பிறகு வீக்கம். அதைப் பொருட்படுத்தாமல் நடமாடிக்கொண்டிருந்தால் சிலருக்கு அறுந்தே போகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-லேயே இந்த மருந்துகளின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. கோடிக்கணக்கானவர்கள் விழுங்கும் மருந்து, பாதிக்கப்படுபவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அந்தச் சிலர் யார் என்பது ஓரளவு தெரியும்: 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகமோ இதயமோ மாற்றிவைத்துக்கொண்டவர்கள். வாப்பா முதல் இரண்டு வரிசையிலும் நிற்கிறார். பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டுதான், அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நிறைய நடந்ததால் வந்த வலியாக இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கலாம். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உள்ளங்காலின் குதியில் குத்துகிறது என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஊரில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது, ஒன்றும் ஆகாது. நீங்கள் எழுதியிருப்பது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம். சிப்ரோஃப்ளாக்சசின் தொடங்கிய பிறகு அந்த இடத்தில் வலி என்றால் மருந்தின் மேல்தான் முதல் சந்தேகம். தொடங்கிய இரண்டாம் நாளிலும் வரும், நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரும். மருந்து நின்றுவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

எனவே காலுக்கு ஓய்வு. மாடிப்படி வேண்டாம், பெட்டி தூக்குவது வேண்டாம். முக்கியமாக, யாரையும் எண்ணெய் போட்டு நீவவிடாதீர்கள். 'நரம்பு பிசகியிருக்கிறது' என்று இழுத்துவிடுகிறவர்கள் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். புண்ணாகியிருக்கும் நாணை இழுத்து அறுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. வலிக்கிற இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முன், முடிந்தால் நாளையே, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். தேவையென்றால் அல்ட்ராசவுண்டு எடுப்பார்கள். இதற்கிடையில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டாலோ, பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல உணர்ந்தாலோ, முன்பாதத்தை ஊன்றி எம்ப முடியாமல் போனாலோ அன்றைக்கே போகவேண்டும். ஆனால் எம்ப முடிகிறதா என்று வீட்டில் சோதனை செய்து பார்க்காதீர்கள்.

பாதியில் நிறுத்தினால் கிருமி வலுத்துவிடாதா என்று அடுத்த கேள்வி வரும். 'முழுதாகச் சாப்பிட்டு முடிக்கவேண்டும்' என்ற பாடத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்ததற்குத்தான் அந்தப் பாடம். கடைக்காரர் கிழித்துக் கொடுத்த அட்டைக்குக் கணக்கு ஏது? மேலும், வயிற்றுப்போக்குக்கு அது பெரிதாகப் பயன்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. நம் பகுதியில் வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பல, இந்தக் குடும்ப மருந்துகளுக்கு அடங்குவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஊருக்கு வந்த சந்தோஷத்தில் நாலு வீட்டு விருந்து சாப்பிட்டு வருகிற வயிற்றுப்போக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் கஞ்சியிலும் தானாக நின்றுவிடும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் கதை வேறு, அதற்கும் மருத்துவர்தான்.

பிரெட்னிசோலோனை ஓரிரு நாள்தான் சாப்பிட்டிருந்தால் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. எலும்பு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எப்படிக் குறைப்பது என்று வழிகாட்டுவார்கள்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பயத்துக்கு வருகிறேன். உடம்பு ஆன்டிபயாடிக்குக்குப் பழகுவதில்லை. பழகுவது கிருமி. ஒவ்வொரு முறை மாத்திரை உள்ளே போகும்போதும் குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மருந்துக்கு மடிகிறவை மடிய, தாக்குப்பிடிப்பவை காலியான இடத்தில் பெருகுகின்றன. வாப்பாவின் குடலில் இன்று அப்படிப்பட்டவை அதிகம் இருக்கலாம். அதனால் அவருக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது என்று பொருளில்லை. நிலைமை அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்த் திரும்பிய ஏறக்குறைய 2,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்தை முறிக்கும் குடல் பாக்டீரியாக்கள் மூன்றில் ஒருவருக்குப் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தன; இந்தியா உள்ளிட்ட தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் நான்கில் மூன்று பேருக்கு. பயணத்தின்போது ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு ஒட்டும் வாய்ப்பு இன்னும் கூடியிருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தொற்றியவர்களில் பாதிப் பேருக்கு அவை ஒரு மாதத்திலேயே மறைந்தன. ஓராண்டு கழித்தும் மிஞ்சியது பத்தில் ஒருவருக்குத்தான். இதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டார்கள். மறுபடி மாத்திரை போட்டு அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்காமல் இருந்தால் போதும், மற்ற பாக்டீரியாக்கள் மெல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வாப்பாவுக்குப் பின்னால் ஒரு நாள் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால், கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லவேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்த பிறகே அடுத்த மாத்திரை. இந்த இரண்டையும் செய்தால் உங்கள் பயத்தில் முக்கால்வாசி தீர்ந்தது.

உடம்பைச் சுத்தம் செய்யும் மருந்து கிடையாது. விற்கிறார்கள், வாங்காதீர்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யத்தான் சிறுநீரகம் இருக்கிறது. அது போய்விடுமோ என்ற கவலைக்கு ஒரு கிரியாட்டினின் பரிசோதனை போதும். சர்க்கரை நோயாளி அதை ஆண்டுதோறும் செய்தே ஆகவேண்டும். சிறுநீர் மஞ்சள் என்றால் இந்த வெயிலுக்குத் தண்ணீர் போதவில்லை. கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கசப்பு தானாகப் போகும். நாக்கில் படர்ந்திருப்பது ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வரவழைத்த பூஞ்சையாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும் காட்டிவிடுங்கள்.

அசதியை மட்டும் அப்படித் தள்ள மாட்டேன். பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றும். சிப்ரோஃப்ளாக்சசின் கிளிமிப்ரைடோடு சேர்ந்தால் சிலருக்குத் திடீரென்று இறக்கிவிடும். இரண்டையும் ஒருசேர விழுங்குகிறவரின் அசதிக்குக் காரணம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

இனி அந்தப் பெட்டி. வளைகுடாவில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தருவதில்லை என்பது உண்மை. சவுதியில்கூட 2018-லிருந்து அந்தச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். இங்கும் சட்டம் அதுதான். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோட்டுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்று அர்த்தம். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கு அந்தக் கோடு கண்ணில் படுவதே இல்லை. அங்கே மருத்துவரைப் பார்க்கப் போனால் அரைநாள் வேலை போகும், கையிலிருந்தும் கொஞ்சம் கட்டவேண்டும், அதனால்தான் வாப்பா பெட்டியை நம்புகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் துபாயில் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அந்தக் காப்பீட்டு அட்டையை உறையில் வைத்துப் பூட்டாமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். குறிப்பாக, இங்கிருந்து போன ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்து மூன்று நாள் நீடித்தால் எதையும் விழுங்காமல் அங்கே மருத்துவரிடம் போகவேண்டும். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லவேண்டும். டைஃபாய்டா, மலேரியாவா என்று ரத்தத்தில் தேடுவார்கள். அரைகுறையாக இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு போனால் டைஃபாய்டு கிருமி கல்ச்சரில் சிக்காமல் போகலாம். காய்ச்சலும் முழுதாக விடாது.

பெட்டியில் சர்க்கரை மாத்திரை, மருத்துவர் எழுதிய இளைப்பு மருந்து, ஓ.ஆர்.எஸ்., பாரசிட்டமால் போகட்டும், சீட்டோடு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று யாராவது இருமல் மருந்தும் வலி மாத்திரையும் கொடுத்துவிட்டால் வாங்கவேண்டாம். அங்கே கடும் கட்டுப்பாட்டில் இருக்கும் கோடீனோ டிரமடாலோ கலந்திருந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவருடைய பாஸ்போர்ட் உறையில் வையுங்கள்: 'சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டபோது குதிகால் நாணில் வலி வந்தது, இந்தக் குடும்ப மருந்து எதுவும் தரவேண்டாம்.' இங்கே மருத்துவரிடம் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் 'ஃப்ளாக்சசின்' என்று முடிகிற எல்லாமே அதில் சேரும். நம் கடைகளில் வயிற்றுப்போக்கு என்றதும் கைக்கு வரும் ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கலப்பு மாத்திரையும் சேர்த்துத்தான்.