சலானிலிருந்து சர்வர் வரை: ஃபுல் ஸ்டாக் கற்பதற்கு எந்த வரிசை?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டேலியும் எக்செலும் நன்றாகத் தெரியும். பைத்தான் அடிப்படைகளை வீடியோ பார்த்துக் கற்றிருக்கிறேன். திரை, சர்வர், தரவுத்தளம் என எல்லா அடுக்கையும் எழுதத் தெரிந்த ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் ஆக வேண்டும் என்பது விருப்பம். ஃபிரன்ட்எண்டை (பயனர் பார்க்கும் திரைப் பகுதி) ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வரை முடித்த பிறகே பேக்எண்டுக்கு (சர்வரில் ஓடும் பகுதி) போக வேண்டும் என்று சிலரும், கிளவுட் (இணையவழி வாடகை சர்வர்) சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்று சிலரும் சொல்கிறார்கள். தினமும் 2 மணி நேரம் ஒதுக்க முடியும். எந்த வரிசையில் கற்பது? 60,000 ரூபாய் கட்டணத்தில் 6 மாத வகுப்பு ஒன்று இருக்கிறது, சேரலாமா?

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளுமே ஒவ்வோர் அடுக்கையும் தனிப்பாடமாகப் படித்து முடிக்கச் சொல்கின்றன. ஆனால் வேலையில் அமர்ந்த பிறகு நம்மை இரவு வரை உட்கார வைக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஓர் அடுக்குக்குள் எழுவதில்லை. பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் இடத்திலும், சர்வரும் தரவுத்தளமும் சேரும் இடத்திலும்தான் எழுகின்றன. ஆகவே ஒரே ஒரு சிறிய செயலியை எடுத்துக்கொண்டு, அதைத் தரவுத்தளத்திலிருந்து திரை வரையும் திரையிலிருந்து கிளவுட் வரையும் மெலிதாகவேனும் முழுமையாகக் கட்டி, பிறகு ஒவ்வோர் இடமாகத் தடிமனாக்குவதே நான் பரிந்துரைக்கும் முறை. கணக்குத் தெரிந்த நீங்கள் தரவுத்தளத்திலிருந்து தொடங்குவது நல்லது. மற்றவர்கள் திணறும் இடத்தில் உங்களுக்கு ஏற்கெனவே பாதி பழக்கம் இருக்கிறது.

செயலிக்கான பொருளை வெளியே தேட வேண்டாம். வெட்டிய துணியை டெலிவரி சலானுடன் பவர் டேபிள் (தையல்) யூனிட்டுகளுக்கு அனுப்பி, தைத்த பீஸ்களைத் திரும்பப் பெற்று, எந்த யூனிட்டில் எவ்வளவு நிலுவை என்று பார்க்கும் ஜாப் ஒர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்செலில் இது அநேகமாக ஒரே நீண்ட தாளாக இருக்கும். யூனிட்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும், எஸ், எம், எல், எக்ஸ்எல் என ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு நெடுவரிசை இருக்கும். தரவுத்தளத்தில் இதை யூனிட், சலான், சலான் வரி, வரவு என நான்கு அட்டவணைகளாகப் பிரிக்க வேண்டும். சலான் வரியில் சலான் எண், ஸ்டைல், சைஸ், பீஸ் எண்ணிக்கை ஆகியவை மட்டும் இருக்கும். அப்படியானால் நாளை 3எக்ஸ்எல் சைஸில் ஆர்டர் வந்தால் புதிய வரி ஒன்று சேரும். அட்டவணையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்காது.

நிலுவைக்கென்று தனி நெடுவரிசை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். லெட்ஜரின் இறுதி இருப்பை நீங்கள் கையால் எழுதுவதில்லை, பதிவுகளிலிருந்து அது வருகிறது. இங்கும் அனுப்பியதன் கூட்டுத்தொகையிலிருந்து வந்ததன் கூட்டுத்தொகையைக் கழித்தால் நிலுவை கிடைக்கும். இரண்டையும் சேமித்து வைத்தால் என்றாவது ஒருநாள் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அப்போது எதை நம்புவது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. சலான் உள்ள யூனிட்டை யாரும் அழிக்க முடியாதபடி வெளித்திறவுகோல் அமைப்பது, பீஸ் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று தரவுத்தளத்திலேயே விதி எழுதுவது, பீஸ் ரேட்டை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காமல் நியூமெரிக் வகையில் வைப்பது ஆகியவற்றை முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதை ஒருமுறை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். அதற்குப் பிறகு பணத்தை அந்த வகையில் சேமிக்க உங்களுக்கு மனம் வராது.

இதற்குப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்ற இலவசத் தரவுத்தள மென்பொருள் போதும். எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட தொடர்புமுறைத் தரவு மாதிரியை அடிப்படையாகக் கொண்ட எஸ்க்யூஎல் மொழி இன்றும் நிலைத்து நிற்கிறது; ஃபிரேம்வொர்க்குகள் வரும், போகும். எனவே எஸ்க்யூஎல்லில் செலவழிக்கும் நேரம் வீணாகாது.

பேக்எண்டுக்குப் பைத்தானும் அதன் வலைச் செயலி ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும் உங்களுக்குப் பொருந்தும். சென்னை, கோவை வேலை விளம்பரங்களில் ஜாவாவும் ஸ்பிரிங் பூட்டும், நோடும் அடிக்கடி கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் கோரிக்கை, பதில், செஷன், டிரான்சாக்‌ஷன் என்பவை எல்லா மொழிக்கும் பொதுவானவை. ஒன்றில் ஆழமாகப் புரிந்தவர் இன்னொன்றுக்கு மாறுவதில் பெரிய சிரமம் இல்லை. 2005-இல் வெளியான ஜாங்கோவில் பயனர் உள்நுழைவு, தரவுத்தள மாற்றங்களைக் கையாளும் மைக்ரேஷன், நிர்வாகத் திரை எல்லாம் தயாராகவே இருப்பதால், தொடக்கத்திலேயே கடவுச்சொல் பாதுகாப்பை நீங்களே எழுத முயன்று தவறு செய்யும் வாய்ப்பும் குறைகிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனையை அவசியம் செய்து பாருங்கள். சலான் பதிவுத் திரையில் 'சேமி' பொத்தானை வேகமாக இரண்டு முறை அழுத்துங்கள். இணையம் மெதுவாக இருக்கும்போது எந்தப் பயனரும் இதைத்தான் செய்வார். தரவுத்தளத்தில் இரண்டு சலான்கள் ஏறியிருக்கும். 'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா' என்று பைத்தானில் பார்த்துவிட்டுச் சேமித்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் இரண்டு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டும் பார்க்கும் நொடியில் அந்த எண் இருக்காது, இரண்டுமே சேமித்துவிடும். நிதியாண்டும் சலான் எண்ணும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று தரவுத்தளத்தில் கட்டுப்பாடு வைத்தால்தான் இரண்டாவது நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்பை 500 (சர்வர் கோளாறு) பிழையாக விட்டுவிடாமல் 409 (முரண்பாடு) என்ற நிலைக்குறியீட்டுடன் பயனருக்குப் புரியும் செய்தியாக மாற்றித் தருவது பேக்எண்டின் கடமை. எண்ணைப் பயனர் தராமல் சர்வரே வழங்குகிறது என்றால் இந்தக் கட்டுப்பாடும் காப்பாற்றாது, ஏனெனில் இரண்டு பதிவுகளுக்கும் வெவ்வேறு எண் கிடைத்துவிடும். அப்போது படிவம் திறக்கப்படும்போதே அதற்கொரு தனி அடையாளக் குறியை உருவாக்கி, ஒரே குறியுடன் இரண்டாவது முறை வரும் கோரிக்கையை மறுக்க வேண்டும். திரை, சர்வர், தரவுத்தளம் மூன்றும் ஒரு சிறிய பிழையில் சேர்ந்து நிற்பதை இங்கே பார்க்கிறீர்கள். ரியாக்டைத் தனியாக ஆறு மாதம் படித்தாலும் இது கண்ணில் படாது.

கணக்காளர் என்பதால் இன்னொன்றையும் உடனே புரிந்துகொள்வீர்கள். சர்வர்கள் பெரும்பாலும் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும்; நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். இரவு ஷிஃப்டில் ஏப்ரல் 1 அதிகாலை 12.30-க்குப் போட்ட சலான், யூடிசியில் மார்ச் 31 இரவு 7 மணி. அந்த நேரத்திலிருந்து தேதியை அப்படியே வெட்டி எடுத்தால் சலான் முந்தைய நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சலான் தேதி வேறு, பதிவு உருவான நேரம் வேறு என்று இரண்டு தனி நெடுவரிசைகளாக வைப்பதே தீர்வு.

யூனிட்டுகளின் பெயரைத் தமிழில் பதிவு செய்வீர்களானால், தேடல் சில சமயம் காரணமின்றிப் பொய்த்துப்போவதுபோலத் தெரியும். 'கொங்கு' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் சிக்கல் தீரும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை.

ஃபிரன்ட்எண்டைப் பொறுத்தவரை முதலில் ஜாங்கோ வார்ப்புருக்களைக் கொண்டே சாதாரண எச்டிஎம்எல் படிவங்களை உருவாக்குங்கள். பிறகு சலான் பதிவுத் திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் பக்கம் புதுப்பிக்கப்படாமலே நடக்கும்படி வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுங்கள். வரிகள் பத்தைத் தாண்டி, எந்த வரியின் எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்பதைப் பின்தொடர முடியாமல் நீங்கள் எரிச்சலடையும் நாளில் ரியாக்டைத் திறந்தால், அது எதற்காக உருவாக்கப்பட்டது என்பது அரை மணி நேரத்தில் விளங்கும்.

ரியாக்டுக்கு வைட் கருவி தரும் மேம்பாட்டு சர்வர் 5173 என்ற போர்ட்டிலும் ஜாங்கோ 8000-லும் ஓடும்போது பிரௌசர் கோர்ஸ் பிழை என்று சிவப்பில் காட்டும். பிரௌசர் இல்லாமல் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் போஸ்ட்மேன் கருவியில் அதே கோரிக்கை வேலை செய்யும், அதனால் குழம்புவார்கள். தடுப்பது சர்வர் இல்லை, பிரௌசர். வேறோர் இடத்திலிருந்து வந்த பக்கம் தன் பதிலைப் படிக்கலாம் என்று சர்வர் தலைப்புவரியில் அனுமதி தராத வரை பிரௌசர் அந்தப் பதிலை நிரலிடம் கொடுக்காது. எளிய வகைக் கோரிக்கைகள் சிலவற்றில் கோரிக்கை சர்வரை அடைந்து, பதிவும் ஆகியிருக்கும். திரையில் மட்டும் பிழை தெரியும். ஆகவே பிழை வந்தவுடன் இணையத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து எல்லா இடத்துக்கும் அனுமதி கொடுத்துவிடாமல், பிரௌசரின் நெட்வொர்க் பலகையைத் திறந்து, எந்தக் கோரிக்கை போனது, என்ன நிலைக்குறியீடு வந்தது என்று பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதித் தரும் இந்நாளில், எழுதப்பட்டது எங்கே முறிகிறது என்று கண்டுபிடிக்கும் இந்தத் திறனுக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் கருத்து.

திரையில் செய்யும் சரிபார்ப்பு பயனரின் வசதிக்கு மட்டுமே; பிரௌசரே இல்லாமல் யாரும் கோரிக்கை அனுப்ப முடியும் என்பதால் சர்வரில் மறுபடியும் சரிபார்த்தாக வேண்டும். முகவரியில் 41 என்றிருக்கும் சலான் எண்ணை 42 என்று மாற்றினால் வேறொரு யூனிட்டின் சலான் திறக்கிறதா என்பதையும் சோதியுங்கள். உள்நுழைந்தவரா என்று பார்ப்பது ஒன்று. இந்தச் சலானைப் பார்க்க உரியவரா என்று பார்ப்பது வேறொன்று.

கிளவுட் கடைசிப் பாடம் இல்லை. சலான் பட்டியலைக் காட்டும் முதல் திரை முடிந்தவுடனேயே அதை இணையத்தில் ஏற்றிவிடுங்கள். ஒரு சிறிய லினக்ஸ் மெய்நிகர் சர்வர், அதில் கோரிக்கைகளை முதலில் வாங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், அதன் பின்னால் ஜாங்கோ, அதே இயந்திரத்தில் போஸ்ட்கிரெஸ், ஒரு டொமைன், லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவச எச்டிடிபிஎஸ் சான்று. இவ்வளவுதான் தேவை. ஒருநாள் 502 பிழை வரும். என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் உள்ள ஜாங்கோ பதில் சொல்லவில்லை என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் பொருள். சர்வரின் பதிவேடுகளை (லாக்) படித்து அதைச் சரிசெய்வது எந்தச் சான்றிதழ்த் தேர்வும் தராத பயிற்சி. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் செயலி ஓடிய பிறகு படித்தால் அதில் வரும் சேவைகளின் பெயர்கள் எதைத் தீர்க்க வந்தவை என்பது விளங்கும்.

சர்வரை மும்பையில் எடுங்கள். அமேசானின் மும்பை மண்டலம் 2016 முதல் இருக்கிறது. பழக்கத்தில் அமெரிக்காவின் விர்ஜினியாவைத் தேர்ந்தெடுத்தால் கோரிக்கை போக மட்டும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் போய் வரவே 130 மில்லிநொடி ஆகும். ஒரு பக்கம் திறக்க ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோரிக்கைகள் போனால் அது பெருகும்.

கணக்கைத் திறந்த அன்றே செலவு எச்சரிக்கையையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அமைத்துவிடுங்கள். பயன்படுத்தாமல் விட்ட சிறு விஷயங்களுக்கும் கட்டணம் ஓடும். உதாரணமாக, 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் பொது ஐபிவி4 (சர்வரின் இணைய எண்) முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது, மாதத்துக்குச் சுமார் 3.60 டாலர். இதைவிட ஆபத்தானது, கிளவுட் அணுகல் சாவியை நிரலோடு சேர்த்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடுவது. அந்தக் கோப்பை அடுத்த முறை அழித்தாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கிட் வரலாற்றில் அது இருக்கும். ஏறிவிட்டால் சாவியையே உடனே செல்லாததாக்கிப் புதியது எடுப்பதுதான் வழி. தினமும் தரவுத்தள நகல் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த நகலிலிருந்து வேறோர் இயந்திரத்தில் தரவை மீட்டும் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகல் என்று கணக்கில் எடுப்பதில்லை.

தினமும் 2 மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் சுமார் 360 மணி நேரம். மேலே சொன்ன செயலியை உங்கள் கம்பெனியில் இரண்டு பேராவது பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். வேலைக்குத் தயாராக அதற்கு மேலும் சில மாதங்கள் ஆகலாம். உண்மையான தரவைக் கம்பெனியின் அனுமதியில்லாமல் வெளி சர்வரில் ஏற்றாதீர்கள். பழகும்போது கற்பனைப் பெயர்களே போதும்.

வகுப்பைப் பற்றி: பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரியாக்ட் ஆகியவற்றின் அதிகாரபூர்வ ஆவணங்களும், மொசில்லாவின் எம்டிஎன் தளமும் பெரும்பாலான வகுப்புக் குறிப்புகளைவிடத் தெளிவானவை. பணம் கொடுத்துப் பெறத்தக்கது ஒன்றுதான்: அனுபவமுள்ள ஒருவர் நீங்கள் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து, இது ஏன் சரியில்லை என்று சொல்வது. எனவே சேரும் முன், வாரத்துக்கு எத்தனை முறை என் நிரலை யார் படிப்பார், முன்பு படித்தவர்கள் கட்டிய செயலிகளில் இன்றும் இணையத்தில் ஓடுபவை எவை, தரவுத்தள வடிவமைப்புக்கு எத்தனை வகுப்புகள் என்று கேளுங்கள். வேலை உறுதி என்றால் அதன் நிபந்தனைகளையும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளச் செய்து சேரலாம். கிடைக்காவிட்டால் முதல் மூன்று மாதங்களைத் தனியாகவே செலவிட்டு, சலான் செயலியின் முதல் திரையை ஏற்றிவிட்டு, அதன் பிறகும் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்.