சூலகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. இனி அக்கா எப்படி வாழ்வது, யாரிடம் உதவி கேட்பது?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் உங்கள் அக்காவுக்கு 46 வயதில் சூலகப் புற்றுநோய் என்று கண்டறிந்து, கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் அகற்றி, ஆறு தடவை கீமோ மருந்து ஏற்றி முடித்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சுகமாகிவிட்டது என்று சந்தோஷப்படும்போது அவர் மட்டும் யாரோடும் பேசுவதில்லை, கால் மரத்துப்போகிறது என்கிறார், மீண்டும் மலைக்கு வேலைக்குப் போகலாமா, இனி யார் துணை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நோய்க்கு இதே சிகிச்சையைப் பெற்றவள் நான். ஹட்டன் பகுதியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வைத்தியம் படித்தவள் இல்லை. ஆகவே, கீழே மருந்து சம்பந்தமாக நான் எழுதும் எதையும் அக்காவின் கிளினிக் வைத்தியரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே செய்யுங்கள்.

அக்காவின் மௌனத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மருந்து ஏற்றும் மாதங்களில் ஒருவர் கூடப் போவார், ஒருவர் சமைத்து வைப்பார், அக்கம்பக்கத்து லயங்களிலிருந்து நாலு பேர் வந்து பார்ப்பார்கள். கடைசி மருந்து ஏறியவுடன் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அதுவரை அடுத்த மருந்து, அடுத்த இரத்தப் பரிசோதனை என்று ஓடிக்கொண்டிருந்த மனதுக்குப் பயப்பட நேரம் கிடைப்பது அப்போதுதான். திரும்பி வருமோ என்ற அந்தப் பயத்தை "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று அடக்காதீர்கள். இந்த நோய், குறிப்பாக முற்றிய நிலையில் கண்டறியப்பட்டால், மீண்டும் வரக்கூடிய நோய்தான் என்பது அவருக்கும் தெரியும். என் வீட்டில் எனக்கு மிகவும் உதவியவர் என் நாத்தனார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. மாலையில் வந்து அடுப்படியில் அமர்ந்து, "இன்னைக்கு என்ன யோசிச்சீங்க அண்ணி?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். சிகிச்சை முடிந்த பிறகுதான் துணை அதிகமாகத் தேவைப்படுகிறது, அந்தத் துணை தானாக வந்து சேராது, இன்னாரிடம் இன்ன உதவி என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் எழுதும் மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கால் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பக்லிடாக்சல் என்ற மருந்து. காபோபிளாட்டினோடு சேர்த்து மூன்று கிழமைக்கு ஒரு தடவை இதைத்தான் வழக்கமாக ஏற்றுகிறார்கள். அது நரம்பு நுனிகளைப் பாதிப்பதால் கால்விரல்களிலும் கைவிரல் நுனிகளிலும் ஊசி குத்துவது போலவோ, உணர்வே இல்லாதது போலவோ இருக்கும். அநேகருக்குச் சில மாதங்களில் குறையும். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். எங்கள் குளிரில் அது கூடுதலாகத் தெரியும். சட்டைப் பொத்தான் போடவும் சோக்கட்டியைப் பிடிக்கவும் நான் சிரமப்பட்டேன். உங்கள் அக்காவுக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஈரமான மலைச்சரிவில் கால் எங்கே பதிகிறது என்று தெரியாமல் நடப்பதும், அட்டை கடித்ததோ கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கீறியதோ தெரியாமல் போவதும், அடுப்பில் ரொட்டித் தட்டைத் தொட்டபின்னும் சூடு உறைக்காததும் சாதாரணக் காரியங்கள் அல்ல. சத்திரசிகிச்சையின்போது நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால் காலில் வீக்கம் வரலாம். அந்தக் காலில் ஒரு சின்னக் கடிகூடக் கிருமி தொற்றிச் சிவந்து பெருக்கக்கூடும். ஆகவே வீட்டுக்குள்ளேயும் செருப்பு, வெளியே போனால் மூடிய சப்பாத்து, தினமும் படுக்கப் போகுமுன் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது என்று ஒரு பழக்கத்தை உண்டாக்குங்கள். குனிந்து பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தால் நீங்கள் பாருங்கள். வலி தாங்க முடியாவிட்டால் அதற்கென மருந்து இருக்கிறது. வைத்தியர் கேட்கமாட்டார், அக்காதான் சொல்ல வேண்டும்.

சூலகங்கள் இரண்டையும் எடுத்தால், பல வருடங்களில் மெல்ல வந்திருக்கவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. இதை எங்கள் பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நடு இரவில், வெளியே பனி கொட்டும்போது, உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் வியர்த்து, போர்வையை உதறி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்தில் நனைந்த சட்டையோடு குளிரில் நடுங்க வேண்டியிருக்கும். ஒரே காம்பராவில் குடும்பமே படுக்கும் லயத்து வீட்டில் இது எவ்வளவு சங்கடம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தடித்த ஒரு போர்வைக்குப் பதிலாக மெல்லிய இரண்டு, பருத்திச் சட்டை, மாற்றுச் சட்டை ஒன்று கையெட்டும் தூரத்தில் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் நிம்மதி. எலும்பும் இதனால் வேகமாகத் தேயும் என்பதால் கல்சியம், விட்டமின் டி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். 46 வயதில் ஹோர்மோன் மருந்து அவருக்குப் பொருந்துமா என்பதையும் கேட்பது நியாயமானது. தாம்பத்தியத்தைப் பற்றி அக்கா உங்களிடம் பேசத் தயங்கலாம். பிறப்புறுப்பு உலர்ந்துபோய் வலிப்பது இந்தச் சிகிச்சையின் விளைவு, அதற்கு மருந்துக் கடையில் தண்ணீர்த் தன்மையுள்ள களிம்புகள் கிடைக்கின்றன, கருப்பை போனதால் அவர் பெண்மையில் எதுவும் குறைந்துவிடவில்லை என்பதைத் தாதி ஒருவர் அத்தானையும் கூட வைத்துக்கொண்டு சொன்னால் வீட்டில் பல மனக்கசப்புகள் தீரும்.

வேலைக்குப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் பழைய வேலைக்கு உடனே வேண்டாம். வயிற்றைக் கீறிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்பது பொது விதி. அது முடிந்த பிறகும், கீறிய இடத்தில் குடலிறக்கம் வரக்கூடிய உடம்போடு, 18, 20 கிலோ கொழுந்தைச் சுமந்து படி ஏறி இறங்குவதை ஒரேயடியாகத் தொடங்க முடியாது. மருந்துக்குப் பின்வரும் அசதி நித்திரை கொண்டால் தீரும் அசதியும் அல்ல. சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைக் குறைப்பதற்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட வழி உடலை அசைப்பதுதான். கோயில்வரை, பிறகு கடைவரை, சமமான பாதையில் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். கிளினிக் வைத்தியரிடம் இலகு வேலைக்கான கடிதம் ஒன்றை எழுதி வாங்கி, அதைத் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையோ மாதர் சங்கத் தலைவியையோ கூட்டிக்கொண்டு தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசுங்கள். தேயிலை நாற்று வளர்க்கும் தவறணை வேலையோ குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்து வேலையோ கேட்கலாம். கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சாகப் போனால், முதல் நாள் தலையசைப்பார்கள். அடுத்த வாரம் கணக்கப்பிள்ளை அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிட்டுப் போய்விடுவார்.

கிளினிக்கை மட்டும் தவறவிட வேண்டாம். முதல் இரண்டு வருடங்களுக்குச் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு மாதங்களுக்கு ஒரு தடவையும், அதன்பின் ஐந்து வருடம்வரை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு தடவையும் வரச் சொல்வார்கள். இதில் இந்த நோயோடு கூடக்கூடிய ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் சிஏ 125 என்ற பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணுக்காகத் காதுத் தோட்டை அடகு வைத்துத் தனியார் ஆய்வுகூடத்துக்கு மாதாமாதம் போகும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 35க்குக் கீழே இருந்தால் சரி என்பார்கள். ஆனால் அது வேறு காரணங்களாலும் ஏறும், இறங்கும். எண் கூடியதை மட்டும் வைத்து உடனே மருந்து ஏற்றத் தொடங்கிய பெண்களையும், அறிகுறி தெரிந்த பிறகு தொடங்கிய பெண்களையும் ஒப்பிட்டு 2010இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வெளியான பெரிய ஆய்வில், முன்கூட்டித் தொடங்கியவர்கள் அதிக காலம் வாழவில்லை என்று கண்டார்கள். ஆகவே எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை அதைப் பார்ப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அதைவிட முக்கியமாக நீங்கள் கவனிக்க வேண்டியது உடம்பு சொல்வதை: வயிறு நாட்கணக்கில் ஊதியிருப்பது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது. முதல் தடவை இவைதானே எங்களில் பலருக்குக் கேஸ்ட்ரிக் குளிசையோடு மாதக்கணக்கில் கழிந்தன? இனி அப்படி விட வேண்டாம். எங்கே காட்டினாலும் சூலகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாந்தியோடு வயிறு வீங்கி, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய விரதம் எதுவும் வேண்டாம். முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை, குரக்கன் என்று வீட்டில் கிடைப்பதைப் பயமில்லாமல் கொடுங்கள். சோற்றோடு பிளேன்டீ குடிக்கும் வழக்கத்தை மட்டும் மாற்றுங்கள், ஏனென்றால் தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். முள் சீத்தா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று யாராவது கொண்டுவருவார்கள். அதில் நரம்புக்குக் கெடுதியான பொருள் இருக்கிறது. ஏற்கெனவே கால் மரத்திருப்பவருக்கு அது வேண்டவே வேண்டாம். நேர்த்திக்கடன், பூசை எல்லாம் அவருக்கு மனத்தெம்பு தருமானால் தாராளமாகச் செய்யட்டும். தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்குபவர்களிடம் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: இது தொற்றும் நோய் அல்ல. பேரப்பிள்ளையை அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் சமைக்கலாம்.

வெளியே கிடைக்கும் உதவிகளில் நான் முதலில் சொல்வது தொலைபேசி, ஏனென்றால் அதற்குப் பஸ் காசு வேண்டாம். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1333 இலவச ஆலோசனை இலக்கம். பேசத் தொடங்கும்போதே தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அடுத்தது உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்; கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பவர் என்று நினைத்துச் சும்மா விட்டுவிடுகிறோம், ஆனால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு எங்கள் தரப்பிலிருந்து போகும் நேர்வழி அவர்தான். மூன்றாவதாக, கிளினிக் வரிசையில் பக்கத்தில் உட்காரும் பெண்கள். கண்டியிலோ பதுளையிலோ மஹரகமவிலோ அதிகாலை வரிசையில் பழகிய சிலரோடு நான் இன்றுவரை தொலைபேசியில் பேசுகிறேன். அவர்களில் ஒருவர் சிங்களப் பெண். அவருடைய அரைத் தமிழும் என் அரைச் சிங்களமும் எங்களுக்குப் போதுமாக இருக்கின்றன. கிளினிக் நாளுக்கு முந்தின இரவு நித்திரை வராதபோது, அதே நித்திரையில்லாமல் விழித்திருக்கும் இன்னொருத்தியின் குரல் செய்வதை வீட்டார் எவராலும் செய்ய முடியாது.

பண விடயத்தில் பத்திரங்கள்தான் பலம். டயக்னோசிஸ் கார்ட், சத்திரசிகிச்சை அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவு, கிளினிக் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, லயத்துக் கூரை ஒழுகினாலும் நனையாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். அக்கா பத்து வருடத்துக்கு மேல் பதிவில் வேலை செய்தவர் என்றால், ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 30 சதவீதம்வரை சிகிச்சைக்காக முன்கூட்டியே எடுக்கும் வழி இருக்கிறது; நிபந்தனைகளைத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் தந்தால் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. புரியாத தாளில் கையெழுத்து வைக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அவருடைய உடன்பிறந்த தங்கை. சூலகப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ 100க்கு 15 பேருக்கு அது பிராகா (BRCA) என்ற மரபணு மாற்றத்தோடு தொடர்புடையது. அக்காவுக்கு அந்த மாற்றம் இருந்தால், அது உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகள் உட்பட, இருக்க இரண்டிலொரு வாய்ப்பு உண்டு. 35, 45 வயதில் தோட்டத்துப் பெண்களையும் அழைக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்து, மார்பு போன்றவற்றைப் பார்ப்பார்கள், சூலகத்தை அங்கே பார்ப்பதில்லை. ஆகவே அங்கே சரி என்று சொன்னதை வைத்து இந்த விடயத்தில் நிம்மதியடைய முடியாது. அக்காவின் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய், திசுப் பரிசோதனை முடிவைக் காட்டி, அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை தேவையா, அதை எங்கே செய்வது, உங்கள் குடும்பத்துப் பெண்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கேள்விகளை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; வைத்தியருக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும்.