எடிசனில் லேப் தேடும் வேளச்சேரி அம்மாவுக்கு

ஆகஸ்டில் வேளச்சேரியிலிருந்து நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிவந்த ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் பத்தாம் வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கோடை விடுமுறையில் யூனிவர்சிட்டி லேபில் ரிசர்ச் இன்டர்ன்ஷிப் போகிறார்களாம். சென்னையில் ஆள் தெரிந்தால்தான் நடக்கும். இங்கே எல்லாம் மெரிட்தானே? என் கணவருடைய மேனேஜரின் மனைவி ஒரு லேபில் இருக்கிறார். அவரிடம் கேட்பது தப்பா?"

மெரிட்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடப்பு அப்படி இல்லையே! நானும் எடிசன் பக்கத்தில் இருந்துதான் இரண்டு பிள்ளைகளை ஹைஸ்கூல் முடிக்க வைத்தேன். இப்போது மார்கழிக்கு மயிலாப்பூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். சபா கேன்டீனில் காபிக்கு நிற்கும்போது காதில் விழுவதும் இதே பேச்சுதான்: "பையனுக்கு ஐஐடியில யாரையாவது தெரியுமா?" சென்னையில் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறோம். எடிசனில் சாக்கர் மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, யாரும் கேட்காமலே அது நடந்துவிடும். "உங்க பொண்ணுக்கு பயாலஜி பிடிக்குமாமே, ஜூன்ல அனுப்புங்களேன்" என்று பக்கத்து நாற்காலியில் இருக்கும் பேராசிரியரே சொல்வார். கேட்டு வாங்காததால் அதைச் சிபாரிசு என்று யாரும் நினைப்பதில்லை. நேற்று வந்து இறங்கிய உங்களுக்கு அந்த நாற்காலி இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டுப் போகிற பெரிய திட்டங்களின் கதை வேறு. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்கிற கோடை ஆராய்ச்சித் திட்டம் ஆறு வாரம், ஏறக்குறைய 100 மாணவர்கள், கட்டணம் கிடையாது. அங்கே மாமா, சித்தப்பா செல்வாக்கு எடுபடாது என்றே நினைக்கிறேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களிடம் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் நடத்தும் சைமன்ஸ் கோடைத் திட்டமும் அப்படியே. எச்-4 விசாவில், அதாவது அப்பாவின் அல்லது அம்மாவின் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், இருக்கும் பெண் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் அதற்குள் நுழைய வழியில்லை. நம்மவர்கள் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை கட்டுரைகளை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் பல வீடுகளில் தெரியவருகிறது. 1959 முதல் நடக்கும் சம்மர் சயின்ஸ் புரோகிராம் என்ற திட்டத்தில் இந்தத் தடை இல்லை. கட்டணம் உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் குறைப்பார்கள். நியூ ஜெர்சி கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற கோடைத் திட்டத்துக்குப் பதினோராம் வகுப்பில் பள்ளியே பெயரை அனுப்ப வேண்டும். அதனால் மகள் தன் கைடன்ஸ் கவுன்சிலரை இப்போதே போய்ப் பார்க்கட்டும்.

தெரிந்தவர் என்பது நிஜமாகவே எடுபடுகிற இடம், பேராசிரியருக்கு நேரடியாக எழுதி லேபில் சேரும் வழி. 18 வயது ஆகாத பிள்ளையை லேபுக்குள் விட்டால் பாதுகாப்புப் பயிற்சி, பெற்றோர் கையெழுத்து, எந்நேரமும் கூடவே ஒரு பெரியவர் என்று எல்லாமே அவர்களுக்குக் கூடுதல் வேலை. கற்றுக்கொடுப்பதும் பெரும்பாலும் ஒரு பிஎச்டி மாணவர்தான், தன் நேரத்தைக் கொடுத்து. முன்பின் தெரியாத பிள்ளைக்காக இதைச் செய்ய அவர்களுக்கு என்ன வந்தது? தெரிந்தவர் பிள்ளை என்றால் பாதியில் நின்றுவிடாது என்று ஒரு நம்பிக்கை. இது எனக்குப் புரிகிறது. புரிவதால் நியாயம் என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசுப் பணியில் அதிகாரி தன் உறவினரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1967-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் நான் உங்கள் பையனை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் என் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு லேப்காரர்கள் பேசிக்கொண்டால் எந்தச் சட்டம் போய்ப் பிடிக்கும்?

சரி, அந்த மேனேஜர் மனைவி விஷயம். இடம் வாங்கிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் கணவரின் விசா அந்தக் கம்பெனி கையில் இருக்கிறது. நாளைக்கு கிரீன் கார்டுக்கும் அந்த மேனேஜரின் தயவு வேண்டியிருக்கும். அந்த வீட்டில் கடன்படுவது உங்களுக்கு நல்லதில்லை. அந்த அம்மாவுக்கும் மறுக்கச் சங்கடமாக இருக்கும். கால் மணி நேரம் பேச முடியுமா என்று கேட்கலாம், அதில் தப்பே இல்லை. எந்தெந்த லேபில் ஹைஸ்கூல் பிள்ளைகளை எடுக்கிறார்கள், போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற தகவல்தான் புதிதாக வந்தவர்களிடம் இல்லாதது. பேசுவது மகளாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில்கூட உட்கார வேண்டாம். (நம் ஊர் அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டம்.)

ஆள் பலம் இல்லாதவர்களுக்கென்றே இன்னொரு கடையும் திறந்திருக்கிறது. சில ஆயிரம் டாலர் கட்டினால் ஆன்லைனில் ஆய்வு, வழிகாட்டி, கடைசியில் ஜர்னலில் பெயர். 2023-ல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் இதை விரிவாகவே எழுதியது. வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்திருக்கும், உங்களுக்கும் கை பரபரக்கும். என்னைக் கேட்டால் வேண்டாம். கெப்ளர் தொலைநோக்கியின் தரவுகளை நாசா இலவசமாகவே வைத்திருக்கிறது. பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்த பிள்ளை வீட்டு மேஜையிலேயே அதில் வேலை செய்து பள்ளி சயின்ஸ் ஃபேருக்குப் போகலாம். பேராசிரியருக்கு எழுதும்போது காட்டவும் கையில் ஏதாவது இருக்கும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். பேராசிரியருடைய எந்தக் கட்டுரையைப் படித்தாள், அதில் என்ன புரியவில்லை, தனக்கு என்ன செய்யத் தெரியும், வாரத்தில் எந்த நாட்கள் வர முடியும், இவ்வளவு போதும். அந்த மேனேஜர் மனைவி சம்மதித்தால் மட்டும் அவர் பெயரைக் குறிப்பிடலாம். இடம் கிடைத்தால் விசா நிலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எச்-4-ல் சம்பளம் வாங்க முடியாது. ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) தருகிறோம் என்றால் யூனிவர்சிட்டி அலுவலகத்தில் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பொங்கல் கழிந்ததும் எழுத ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் பதிலே வராது. இரண்டு வாரம் பார்த்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கு மேல் அனுப்பினால் எரிச்சல்தான் வரும், அடுத்த லேபுக்கு எழுதச் சொல்லுங்கள்.